இஸ்திரி வண்டிக்கு அடியில் ஆறு கற்கள்

கொக்கேரி நகர் மூன்றாவது குறுக்குத் தெரு மழையைக் குடிக்கும்போது சத்தம் போடும். ஆயிரம் பேர் ஒன்றாக உட்கார்ந்து சூடான காபியை உறிஞ்சினால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு சத்தம். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் மழையில் பயந்துபோய் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்கள். தெருவில் சொட்டுத் தண்ணீர் நிற்காது. பெய்யப் பெய்யக் கற்கள் வாங்கி உள்ளே அனுப்பிக்கொண்டே இருக்கும். மழை விட்ட பிறகும் கொஞ்ச நேரம் அந்தச் சத்தம் தொடரும், பந்தியில் யாரோ இலையில் மிச்சமிருக்கும் பாயசத்தை வழித்துக்கொண்டிருப்பதுபோல.

அது ஒரு காலத்தில் ஏரி. ஏரியை நிரப்பி மனை போட்டார்கள். பெயரில் மட்டும் ஏரியை விட்டுவைத்தார்கள். ஏரி எதையும் மறக்கவில்லை. ஒவ்வொரு ஐப்பசியிலும் திரும்பி வந்தது. அது வந்து போன ஒவ்வொரு முறையும் பழைய தாரின் மேல் புதுத் தார் போட்டார்கள். தெரு உயர்ந்துகொண்டே போனது, வீடுகள் தாழ்ந்துகொண்டே போயின. படியேறிப் போன வீடுகளுக்குள் கடைசியில் குனிந்து இறங்க வேண்டியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ரெஜினா என்கிற நிலவடிவமைப்பாளர் அங்கே வந்தாள். அவள் முதலில் எதையும் கட்டவில்லை, தோண்டினாள். பதினோரு அடுக்குத் தார் இருந்தது. அத்தனையையும் துண்டு துண்டாக வெட்டி லாரியில் அனுப்பினாள். தெரு மூன்றடி இறங்கியது, வீடுகளுக்கு மறுபடியும் படிகள் முளைத்தன. அடியில் ஆள் ஆழத்துக்கு உடைந்த செங்கல்லும் ஜல்லியும் நிரப்பினாள். குப்பைமேடாகக் கிடந்த தெருக்கோடியைக் கிண்ணம்போலக் குழித்து, கோரையும் வெட்டிவேரும் நீர்மருதும் நட்டு ஒரு பள்ளத் தோட்டம் செய்தாள். தெருவின் மேல் இரண்டாயிரம் குடிகற்களைப் பதித்தாள்.

அதன் பிறகு மூன்று மழைக்காலம் கடந்துவிட்டது. மூன்றிலும் ஏரி வந்தது. ஆனால் தெருவுக்கு அடியில் வந்து, செங்கல் இடுக்குகளில் தங்கி, தோட்டத்து வேர்களுக்குக் கொடுத்தது போக மிச்சத்தைப் பூமிக்குள் அனுப்பிவிட்டு, யாரையும் எழுப்பாமல் போய்விட்டது. ரெஜினா சில மாலைகளில் வேலை இல்லாவிட்டாலும் அந்தத் தெருவுக்கு வந்து சும்மா நடப்பாள். காலடியில் ஒரு ஏரி இருக்கிறது என்று நினைத்தபடி நடக்க அவளுக்குப் பிடித்திருந்தது.

*

தெருவை முறைப்படி திறந்துவைக்க மந்திரி வருவதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை மத்தியானம், ரெஜினா ஒரு காகிதத்துடன் புங்க மரத்தடிக்கு வந்தாள். அங்கே ஜெகதாவின் இஸ்திரி வண்டி நின்றது. ஜெகதாவுக்கு ஐம்பது வயது. ஏழு கிலோ கரிப்பெட்டியை அவள் தள்ளும்போது, பெட்டி தன்பாட்டுக்குப் போவதுபோலவும் அவள் கை துணைக்குப் போவதுபோலவும் தெரியும்.

"இன்னா மேடம், பொடவை கொண்டாந்தீங்களா, காயிதம் கொண்டாந்தீங்களா?"

"காயிதம்தான் அக்கா."

"படிங்க. என் கண்ணாடி வூட்ல கீது."

"திங்கட்கிழமைக்குள்ள வண்டிய இங்கேருந்து எடுத்துடணும்னு இருக்கு."

பெட்டி ஒரு சட்டையின் முதுகில் நின்றது. சட்டை தீய்ந்துவிடுமோ என்று ரெஜினா பார்த்தாள். ஜெகதா பெட்டியைத் தூக்கித் தகரத்தின் மேல் வைத்தாள்.

"யார் எழுதினது?"

"நான்தான்."

ஜெகதா இதை எதிர்பார்க்கவில்லை. திட்டுவதற்கு அவள் எடுத்து வைத்திருந்த சொற்கள் எல்லாம் வேறு யாருக்கோ உரியவை.

"காரணம் சொல்லுங்க."

"இது வெறும் கல்லு இல்லக்கா. உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைங்க இருக்கு. துளை போட்ட கல்லை எத்தனையோ ஊர்ல பதிச்சுப் பாத்தாங்க. ரெண்டு வருஷத்துல சேறு அடைச்சு சாதா கல்லாயிடும். இதுல ஒரு உயிர விட்டிருக்கோம். இழைன்னு சொல்லுவோம். தலைமுடிய விட நூறு மடங்கு மெல்லிசு. துளைக்குள்ள குடியிருந்துகிட்டு, வர்ற சேத்தைத் தின்னுடும். அது தின்னுகிட்டிருக்கிற வரைக்கும் தெரு குடிச்சுகிட்டிருக்கும்."

"அதான் இந்தத் தெருவுல எப்பவும் மழை பேஞ்ச வாசனையா?"

"ஆமா. மண்வாசனையே அந்த மாதிரி உயிருங்க விடற வாசனைதான்."

"நல்லாத்தான் கீது. அதுக்கு என் வண்டி இன்னா பண்ணிச்சு?"

"கரித்தூள். ரொம்பப் பொடி. அது உள்ள இறங்கினா இழையால தின்ன முடியாது. அடைச்சுக்கும்."

"குனிஞ்சு பாத்தியா?"

"என்னது?"

"வண்டிக்கு அடியில குனிஞ்சு பாத்தியா, அடைச்சுகிச்சா இல்லையான்னு?"

ரெஜினா பார்த்திருக்கவில்லை. ஆய்வுக்கூடத்தின் அறிக்கை ஒன்று இருந்தது. குடியிருப்போர் சங்கச் செயலாளர் சௌந்தரராஜன் எழுதிய மூன்று கடிதங்களும் இருந்தன. தெருவைப் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்தால் எல்லாப் படத்திலும் அந்த வண்டி விழுகிறது என்பது அவருடைய குறை. ரெஜினா அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் அறிக்கையை நம்பினாள்.

"ரெண்டு தெரு தள்ளி உங்களுக்கு வேற இடம் பாத்து வெச்சிருக்கேன். நல்ல நிழல்."

ஜெகதா தெருக்கோடியைக் கை காட்டினாள். பள்ளத் தோட்டத்துக்கு முன்னால், தெருவின் தாழ்ந்த முனையில், மூன்று படி வைத்த ஒற்றை அறை. அதுதான் அவள் வீடு. உள்ளே அவள் கணவர் கோதண்டம் படுத்திருந்தார். பெயின்ட் அடிக்கும்போது சாரத்திலிருந்து விழுந்து ஆறு வருஷமாகப் படுக்கை. கல் போடுவதற்கு முன் வந்த வெள்ளத்தில் அவரை ஒரு கதவின் மேல் கிடத்தி, கழுத்தளவுத் தண்ணீரில் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியில் கதவு சரிந்து, முதுகில் இன்னொரு எலும்பும் விரிசல் கண்டது. பிறகு அடுத்த தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார்கள். கல் பதித்து முடிந்த அன்று அவர்களைத் திரும்பி வரச் சொன்னவள் ரெஜினாதான். "இனிமே தண்ணி உங்க வாசப்படியைத் தாண்டாது, நான் சொல்றேன்" என்று அந்த அறையின் நடுவில் நின்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"நிழலு எங்க வேணா கெடைக்கும் மேடம்" என்றாள் ஜெகதா. "அவரு கூப்ட்டா காதுல விழற தூரம் இந்த எடந்தான்."

அவள் கண்ணாடி இல்லாமலே காகிதத்தை வாங்கி, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, மந்திரியின் காருக்குப் பின்னால் வந்த காரிலிருந்து ரெஜினா இறங்கினாள். ஒரு நொடி, தெருவில் பனி பெய்திருக்கிறது என்று நினைத்தாள். தெருவின் ஓரங்களில், மரங்களைச் சுற்றி, தோட்டத்தின் கரையில், எங்கும் வெள்ளை ஈரம். பிறகு மூக்கில் ஏறியது. நீச்சல்குளத்து நெடி.

துப்புரவு மேஸ்திரி ஏகாம்பரம் இஸ்திரி போட்ட காக்கியில், பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"மேஸ்திரி, என்ன போட்டீங்க?"

"ப்ளீச்சிங் பவுடர் மேடம். பதினெட்டு மூட்டை!"

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? என் இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல பவுடர் இல்லாம ஒரு மந்திரி வந்ததில்ல மேடம். மத்த தெருன்னா ஓரத்துல கோடு போட்டுட்டு விட்டுடுவேன். இது உங்க தெரு. நடுவுலயும் போட்டோம். அந்த இஸ்திரி வண்டிக்கு அடியில கறுப்பா இருந்துச்சா, அங்க ரெண்டு கூடை சேத்துப் போட்டேன். அப்புறம் ரொம்ப வெள்ளையா தெரியுதேன்னு லாரித் தண்ணி விட்டுக் கழுவி விட்டோம். உங்க கல்லு என்ன குடி குடிக்குது! அம்புட்டையும் உள்ள இழுத்துடுச்சு."

கிருமியைக் கொல்லும் பவுடர் இழையையும் விட்டுவைத்திருக்காது என்று ரெஜினாவுக்குப் புரிந்தது. அந்த மனிதரின் முகத்தில் அத்தனை பெருமை. தெருவுக்குத் தான் செய்யத் தெரிந்த மிக உயர்ந்த மரியாதையை அவர் செய்திருந்தார்.

மந்திரி பித்தளைக் குடத்திலிருந்து ஒரு கல்லின் மேல் தண்ணீர் ஊற்றினார். கல் குடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அது மெதுவாகக் குடித்தது ரெஜினாவுக்கு மட்டும் தெரிந்தது.

சனிக்கிழமை மாலை பத்து நிமிஷம் தூறல் போட்டது. தெருவில் சத்தமே இல்லை. ஒரு பெரிய வீட்டில் எல்லோரும் வெளியூர் போய்விட்டதுபோல ஒரு நிசப்தம். கற்களின் மேல் தண்ணீர் தேங்கி, மெல்லத் திரும்பி, பழைய வழி ஞாபகம் வந்ததுபோலத் தாழ்ந்த முனையை நோக்கி ஊர்ந்தது.

அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. வங்கக் கடலில் புயல். செவ்வாய்க்கிழமை மதியம் கரையைக் கடக்கும்.

ரெஜினா இழை வளர்க்கும் ஆய்வுக்கூடத்துக்குப் பேசினாள். இரண்டாயிரம் கல்லுக்குப் புதிதாக இழை அனுப்ப மூன்று வாரம் ஆகும் என்றார்கள். பள்ளத் தோட்டம் எவ்வளவு தண்ணீரையும் வாங்கிக்கொள்ளும்; ஆனால் தெருவின் அடிவழியாக வந்தால்தான். மேல்வழியாக வந்தால் தோட்டத்துக் கரைக்கு முன்னால் இருப்பது ஜெகதாவின் வாசல்.

அவள் போய் அந்த மூன்று படிகளின் முன் நின்றாள். உள்ளேயிருந்து கோதண்டத்தின் குரல் வந்தது.

"மேடமா? வாங்க. தூறல் போட்டும் தெரு சத்தம் போடலியே, இன்னா ஆச்சு?"

ரெஜினா எதையும் மறைக்காமல் சொன்னாள். "உங்கள இன்னிக்கே வேற எடத்துக்கு மாத்திடறேன். ஆம்புலன்ஸ் சொல்றேன்."

"வேணாம்மா. தூக்கினா எனக்கு உசுரு போயிடும். போன தபா தூக்கினதுல பாதி போச்சு." அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். "தாண்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க? படுத்துக் கெடக்குறவனுக்கு அந்த ஒரு வார்த்தைதான் கட்டிலு. அத உருவாதீங்க."

ஜெகதா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

*

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ரெஜினா தெருவின் மேட்டு முனையில் மண்டியிட்டாள். ஒவ்வொரு கல்லிலும் ஒரு மிடறு தண்ணீர் விட்டு, மூக்கை வைத்து முகர்ந்தாள். இழை உயிரோடு இருந்தால் மழை வாசனை வர வேண்டும். சுண்ணாம்பு வாசனைதான் வந்தது. அடுத்த கல். மறுபடி சுண்ணாம்பு.

நடைப்பயிற்சிக்கு வந்த சௌந்தரராஜன் நின்றார். "மேடம், ஏதாவது தொலைச்சிட்டீங்களா?"

"ஆமா சார்."

"மோதிரமா?"

"ஏரி."

அவர் மேற்கொண்டு கேட்காமல் நகர்ந்துபோனார். எட்டு மணிக்கு முழங்கால் தோல் உரிந்திருந்தது. அறுநூறு கற்கள் முகர்ந்தாயிற்று. புங்க மரத்தடியில் ஜெகதா வண்டியைத் தள்ளி வெளியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத்தானே கெடு? இன்னிக்கே எடுத்துடறேன். உங்களுக்கும் மோந்து பாக்க எடம் வேணும்."

குத்தல்தான். ஆனால் ரெஜினா குனிந்தாள். வண்டி நின்ற இடத்தில் ஆறு கற்கள் கன்னங்கரேலென்று இருந்தன. தண்ணீர் விட்டாள். மூக்கை வைத்தாள்.

கோடையின் முதல் மழை காய்ந்த வயலில் விழுகிற வாசனை. அவ்வளவு அழுத்தமாக அவள் அதை ஒருபோதும் உணர்ந்ததில்லை. காதை வைத்துக் கேட்டாள். உர்ர்ர் என்று ஒரு மெல்லிய உறிஞ்சல்.

"அக்கா" என்றாள். "இது உயிரோட இருக்கு."

ஏகாம்பரத்தைக் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் சத்தியம் செய்தார். "அங்கதான் மேடம் ரெண்டு கூடை அதிகம் போட்டேன். இருந்த அழுக்கு அப்படி."

"அது அழுக்கு இல்ல மேஸ்திரி." ரெஜினா விரலில் ஒட்டிய கரித்தூளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தண்ணி ஃபில்டர்ல கரி வெப்பாங்கல்ல? குளோரின் வாடையப் பிடிச்சு நிறுத்த. அதே வேலையத்தான் இது பண்ணியிருக்கு. பவுடரோட விஷத்தையெல்லாம் கரி வாங்கி வெச்சுகிட்டு, இழைய விட்டுடுச்சு. கரித்தூள்ல சின்னச் சின்னப் பொந்து இருக்கும். இழை அதுக்குள்ள போய் ஒளிஞ்சுகிட்டிருக்கு."

"அடைச்சுக்கும்னு யாரோ சொன்னாங்க" என்றாள் ஜெகதா.

"நான்தான் சொன்னேன். குனிஞ்சு பாக்காம சொன்னேன்."

ஜெகதா அதற்குமேல் அவளை விரட்டவில்லை. "சரி, ஆறு கல்லு பொழச்சிருக்கு. ரெண்டாயிரம் செத்துக் கெடக்கு. ஆறை வெச்சு இன்னா பண்றது?"

"அதைத்தான் யோசிக்கறேன். இழைக்குக் கொஞ்சம் இனிப்பு குடுத்தா வேகமா பெருகும். வெல்லத் தண்ணியில ஒரு கல்லை ஊற வெச்சா, அந்தத் தண்ணிய இருபது கல்லுக்கு ஊத்தலாம். ஒரு நாள்ல அந்த இருபதும் முழிச்சுக்கும்."

"ஒறை மோரா?"

ரெஜினா நிமிர்ந்து பார்த்தாள்.

"பக்கத்து வூட்ல ஒரு கரண்டி வாங்கி, சட்டிப் பாலு தயிராக்கறது. அதான?"

"அதேதான் அக்கா. அதேதான்."

ஆறு, ஒரு நாளில் நூற்றிருபது. மறுநாள் அத்தனைக்கும் போதும். ஆனால் கடைசியில் ஊற்றியவை புதன்கிழமைதான் விழிக்கும். புயல் செவ்வாய்க்கிழமை. ஒரு நாள் குறைந்தது.

*

திங்கட்கிழமை மத்தியானம் நூற்றிருபது கற்கள் மூச்சு விட ஆரம்பித்திருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் வெல்லம் தீர்ந்துபோயிருந்தது. எறும்புகள் வேறு தெருக்களிலிருந்தெல்லாம் வந்திருந்தன. உயிர் பெற்ற கற்களைப் பெயர்த்து எங்கே பதிப்பது என்று பேச எல்லோரும் மரத்தடியில் கூடினார்கள்.

சௌந்தரராஜன் ஒரு பட்டியலோடு வந்தார். "மொத்தம் அறுபது வீடு. வீட்டுக்கு ரெண்டு கல். யாருக்கும் மனஸ்தாபம் வராது."

"இது இன்னா பிரசாதமாய்யா, பங்கு வெக்க?" என்றாள் ஜெகதா. கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"அப்ப எங்க போடறது? எல்லாத்தையும் உன் வீட்டு முன்னாடியா?"

ஜெகதாவின் முகம் மாறியது. "நான் கேட்டனா?"

"அவங்க கேக்கல" என்றாள் ரெஜினா. "நான் சொல்றேன். கோடி வீட்டுக்கு முன்னாடி, தெருவுக்குக் குறுக்கால மூணு வரிசை. தண்ணி அங்கதான் சேரும், அங்கதான் குடிக்க வாய் வேணும். யாரு வீடுன்னு தண்ணிக்குத் தெரியாது சார்."

சௌந்தரராஜன் பட்டியலைச் சட்டைப் பைக்குள் வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல் சுமக்க வந்தார். ஏகாம்பரம் தன் ஆட்கள் பத்துப் பேருடன் வந்திருந்தார். யாரும் கூப்பிடவில்லை. பவுடர் அள்ளிய அதே கூடைகளை மூன்று முறை கழுவி எடுத்து வந்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குள், மிச்சக் கற்கள் ஒவ்வொன்றின் மேலும் ஒரு குவளை உறைநீர் ஊற்றி முடித்தார்கள். ஒவ்வொரு கல்லிலும் ஜெகதா ஒரு சிட்டிகை கரித்தூளைத் தூவிக்கொண்டே போனாள், குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பதுபோல.

வானம் கறுத்து இறங்கியது.

*

இரண்டு மணிக்கு மழை விழுந்தது. அதைப் பெய்தது என்று சொல்ல முடியாது. தெருவின் மேட்டு முனையிலிருந்து தண்ணீர் ஒரு பாயைச் சுருட்டி விட்டதுபோல உருண்டு வந்தது. கோடியில் மூன்று வரிசைக் கற்கள் மட்டும் குடித்தன. ஊரே உறங்கும்போது ஒரு வீட்டில் மட்டும் எரிகிற விளக்குபோல அந்தச் சத்தம் தனியாகக் கேட்டது.

ரெஜினாவும் ஜெகதாவும் வாசலில் நின்றார்கள். ஏகாம்பரமும் இன்னும் நால்வரும் ஒரு கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். கோதண்டம் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எத்தினி படி?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றாள் ஜெகதா.

அரை மணி கழிந்தது.

"இப்ப?"

"ரெண்டு."

மூன்று வரிசையும் தங்களால் முடிந்ததைக் குடித்தன. அது போதவில்லை. மூன்றாவது படியின் விளிம்பில் தண்ணீர் ஏறி, தயங்கி, மெல்லத் ததும்பியது. ரெஜினா அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தூக்கிடலாம் அக்கா. நான் சொன்ன வார்த்தை தப்பாப் போச்சு. என்னை மன்னிச்சிடுங்க. தூக்குங்க மேஸ்திரி."

நால்வரும் கதவை உள்ளே கொண்டுவந்து கட்டிலை ஒட்டி வைத்தார்கள். ஏகாம்பரம் கோதண்டத்தின் தோளுக்கடியில் கை கொடுத்தார். கோதண்டம் அந்தக் கையைப் பிடித்தார்.

"பொறு."

"நேரமில்ல அண்ணே."

"சும்மா இருய்யா. சத்தம் கேக்குது."

எல்லோரும் கேட்டார்கள். மழைதான் கேட்டது. ஆறு வருஷமாகத் தரையை ஒட்டிய தாழ்ந்த கட்டிலில் படுத்திருப்பவரின் காதுக்கு மட்டும் வேறு ஏதோ எட்டியது. அவர் உள்ளங்கையைத் தரையில் வைத்தார்.

"மேட்டுலேருந்து வருது" என்றார். "இதோ... செயலாளர் வூட்டாண்ட. இதோ மரத்தாண்ட. வருதும்மா!"

அப்போது எல்லோருக்கும் கேட்டது. முதலில் ஒரு முணுமுணுப்பு. பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் யாரோ ஒரு டம்ளரை உதட்டில் வைத்ததுபோல. பிறகு ஆயிரம் பேர், இரண்டாயிரம் பேர். தெரு முழுக்கத் தண்ணீரின் மேல் பொடிப்பொடிக் குமிழிகள் கிளம்பின. காற்றை வெளியே விட்டுவிட்டுக் கற்கள் ஏரியை உள்ளே இழுத்தன.

"நாளைக்குத்தான முழிக்கும்னீங்க?" என்று கத்தினார் ஏகாம்பரம்.

"ஆய்வுக்கூடத்துல குழாய்த் தண்ணி விட்டுத்தான் கணக்குப் போட்டாங்க!" ரெஜினாவும் கத்தினாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. "குழாய்த் தண்ணியில குளோரின் இருக்கு மேஸ்திரி! இது மழைத் தண்ணி!"

மூன்றாவது படி வெளியே வந்தது. பிறகு இரண்டாவது. பள்ளத் தோட்டத்தில் கோரைகள் அடியிலிருந்து நிரம்பி, ஒன்றாக நிமிர்ந்து நின்றன. வாசல் நிலைக்கு உள்ளே தரை காய்ந்தே இருந்தது. ஜெகதா குனிந்து அதை ஒரு முறை கையால் தடவிப் பார்த்தாள், வெந்நீரின் சூடு பார்ப்பதுபோல.

*

அடுத்த மாதம் வார்டு அலுவலகத்திலிருந்து ஜெகதாவுக்கு இன்னொரு காகிதம் வந்தது. ரெஜினா புயலுக்குப் பிறகு எழுதிய அறிக்கையை யாரோ படித்து, அதிலிருந்து ஓர் உத்தரவு தயாரித்திருந்தார்கள். பொதுநலன் கருதி மேற்படி கரி இஸ்திரி வண்டியை மேற்படி இடத்திலிருந்து எக்காரணம் கொண்டும் அகற்றக் கூடாது, கரிப்பெட்டியைத் தவிர வேறு வகைப் பெட்டியும் பயன்படுத்தக் கூடாது.

ரெஜினா பதறிக்கொண்டு மரத்தடிக்கு வந்தாள். வண்டி இல்லை. ஆறு கற்களும் வெயிலில் கிடந்தன. அவள் கோடி வீட்டுக்கு ஓடினாள்.

ஜெகதா அறைக்குள் ஒரு மேசை போட்டு, மின்சாரப் பெட்டியில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கட்டிலில் கோதண்டம் ஆரஞ்சுச் சுளை உரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம். போன மாசம் இருக்கக் கூடாதுன்னீங்க. இந்த மாசம் போகக் கூடாதாம். நடுவுல ஒரு நாளு, நீ இன்னாம்மா நெனைக்கிறேன்னு ஒருத்தர் கேக்கக் கூடாதா?"

"இது நான் எழுதினது இல்லக்கா. ஆனா என் அறிக்கையாலதான் வந்துது."

"ஏழு கிலோ பொட்டி. முப்பது வருசம் தள்ளிட்டேன். தோளு தூக்க வரல. வூட்டுக்குள்ள எப்பவோ மிஷினு போட்டிருப்பேன். தண்ணி வந்தா மொதல்ல போறது அதான்னு பயந்துதான் வெளியில நின்னேன். இப்பத்தான் தரைய நம்பறேன்." அவள் ஒரு சட்டைக் கையை மடித்தாள். "தெருவுக்குக் கரி வேணும், சரி. அத நாந்தான் தள்ளணுமா?"

தெரு முழுக்க, ஏன், நகரத்தில் இனி வரப்போகிற அத்தனை தெருக்களும் இந்தப் பெண்ணின் தோளைப் பார்த்துக்கொண்டு நிற்பதாக ரெஜினாவுக்குத் தோன்றியது. அவ்வளவு அழகான தெருக்கள். அவளே கனவு கண்டு வரைந்தவை.

"இல்ல" என்றாள். "நீங்க தள்ள வேணாம்."

அவள் வெளியே போனாள். அரை மணி கழித்து மரத்தடியில் ஒரு கரிமூட்டையை அவிழ்த்து, ஒரு கல்லால் நுணுக்கிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் கறுப்பு. சௌந்தரராஜன் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு சல்லடை கொண்டுவந்தார். அடுத்த வாரம் யார், அதற்கடுத்த வாரம் யார் என்று புதுப் பட்டியல் போடுவதற்கு அவரிடம் அறுபது வீட்டுப் பெயர்களும் ஏற்கெனவே இருந்தன.

மாலையில் ரெஜினா கை கழுவ வந்தபோது ஜெகதா அந்த உத்தரவை எடுத்து நீட்டினாள். கசங்கிப் போயிருந்த காகிதத்தை இஸ்திரி போட்டு, சட்டைபோல நான்காக மடித்திருந்தாள்.

"எடுத்துட்டுப் போங்க. எழுதினவங்களுக்குக் குடுங்க. தேய்ச்சதுக்கு ஒண்ணும் வேணாம்."

அப்போது தூறல் விழுந்தது. ஜெகதாவின் கை பழைய பழக்கத்தில் கதவுக்குப் போனது, மூடி அடியில் சாக்கைச் செருக.

"வுடு" என்றார் கோதண்டம். "தெறந்தே கெடக்கட்டும்."

அவள் சாக்கை மூலையில் போட்டாள். மூவரும் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மழை வலுத்தது. ஒரு நொடி அமைதி. பிறகு தெரு தன் முதல் மிடறை உறிஞ்சியது.